பத்து நிமிஷம் பொறுங்கக்கா, சூரியன் வந்துருச்சு

எங்க சித்தப்பா வத்தலக்குண்டுல கேபிள் டிவி வச்சிருந்தார். மொட்டை மாடியில 12 அடி டிஷ் மூணு, பக்கத்துல ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, அதுக்குப் பேரு கன்ட்ரோல் ரூம். சனி ஞாயிறுல அங்க போன் எடுக்கிற வேலை எனக்கு. வருஷத்துல ரெண்டு தடவை, மார்ச் நடுவுலயும் செப்டம்பர் கடைசியிலயும், ஒரு நாலஞ்சு நாளைக்கு மத்தியான நேரத்துல படம் பொரிப்பொரியா ஆகும், அப்புறம் மொத்தமா போயிரும், எட்டு பத்து நிமிஷத்துல தானா திரும்ப வந்துரும். ஒரே நேரத்துல எல்லா சேனலும் போகாது, ஒரு டிஷ்ல பதினொண்ணே முக்காலுக்கு, இன்னொண்ணுல ஒரு மணிக்குன்னு வரிசையா போகும். போன் அலறும். சித்தப்பா எழுதிக் கொடுத்த டயலாக் ஒண்ணுதான், "பத்து நிமிஷம் பொறுங்கக்கா, சூரியன் குறுக்க வந்துருச்சு." ஒருத்தரும் நம்பல. அதுலயும் போறது எந்த சேனல்னு நான் வேற சொல்லணுமா, "சூரியன் வந்துதான் சூரியன் போச்சாக்கும்"னு ஒரு அக்கா கேட்டது இன்னும் காதுல இருக்கு.

உண்மையைச் சொன்னா நானே நம்பல, சித்தப்பா எதையோ சமாளிக்கிறார்னுதான் நினைச்சேன். ரொம்ப வருஷம் கழிச்சுதான் புரிஞ்சுது, அவர் சொன்னதுல ஒரே ஒரு சொல்தான் தப்பு. சூரியன் குறுக்க வரல, பின்னாடி வந்து நின்னுது. நம்ம டிஷ் பார்க்கிற அதே கோட்டுல, சாட்டிலைட்டுக்குப் பின்னால 15 கோடி கிலோமீட்டர் தள்ளி. சாட்டிலைட் 36,000 கிலோமீட்டர் உயரத்துலேர்ந்து அனுப்புற சிக்னல் இங்க வந்து சேரும்போது அவ்வளவு மெல்லிசு, சூரியன் சும்மா இருக்கிறப்பவே விடுற ரேடியோ அலை அதை அமுக்கிருது. அதாவது அந்தப் பத்து நிமிஷம் எங்க மாடியில இருந்தது கேபிள் டிஷ்ஷே இல்ல, ஒரு ரேடியோ டெலஸ்கோப், அது ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு, நாங்கதான் அதைத் திட்டிக்கிட்டு இருந்தோம்.

சூரியன் ரேடியோ அலை விடுதுன்னு மனுஷன் கண்டுபிடிச்ச கதையும் இதே மாதிரி ஒரு கம்ப்ளெய்ன்ட்லதான் ஆரம்பிக்குது. 1942 பிப்ரவரி 12-ம் தேதி ஜெர்மனியோட போர்க்கப்பல்கள் இங்கிலீஷ் கால்வாய் வழியா, பிரிட்டிஷ்காரன் மூக்குக்குக் கீழயே தப்பிச்சுப் போச்சு, அவங்க ரேடாரை ஜெர்மன்காரன் இரைச்சல் அலை விட்டு ஜாம் பண்ணிட்டான். ராணுவத்துக்கு மானப் பிரச்சினை. ஜாமிங்கை ஆராய்ற வேலையில இருந்தவர் ஜேம்ஸ் ஸ்டான்லி ஹே, அதுக்கு முன்னாடி ஸ்கூல்ல பிசிக்ஸ் வாத்தியார். ரெண்டு வாரம் கழிச்சு, பிப்ரவரி கடைசியில, நாட்டுல பல இடத்துல ஒரே நேரத்துல ரேடார் எல்லாம் இரைச்சலா ஆகுது. அடுத்த தாக்குதல்னு எல்லாருக்கும் பயம். ஹே ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் இரைச்சல் எந்தத் திசையிலேர்ந்து வந்துச்சுன்னு வாங்கிப் பார்த்தார், அது எல்லாமே சூரியனைக் காட்டுது, சூரியன் நகர நகர அதுவும் கூடவே நகருது. கிரீன்விச் வானாய்வகத்துக்குப் போன் போட்டுக் கேட்டா, சூரியன் நடுவுல பெரிய கரும்புள்ளிக் கூட்டம் ஒண்ணு இருக்குங்கிறாங்க. போர் நடக்குதுங்கிறதால விஷயம் ரகசியமாவே கிடந்து 1946-லதான் வெளிய வந்துச்சு. எதிரின்னு நினைச்சா சூரியன்! எங்க சித்தப்பாவுக்கு இந்தக் கதையைச் சொன்னப்ப "அவனையும் யாரும் நம்பிருக்க மாட்டாங்களே"ன்னுதான் முதல்ல கேட்டார்.

ஒரு விஷயம், ரேடியோன்னதும் சத்தம்னு நினைச்சுக்காதீங்க, அதுவும் வெளிச்சம்தான், அலைநீளம்தான் பெருசு. சூடா இருக்கிற எதுவும் அதைக் கொஞ்சம் விடும். சூரியனோட மேற்பரப்பு 5,500 டிகிரி செல்சியஸ்தான், ஆனா மீட்டர் கணக்குல நீளமான அலையில அளந்தா சூடு பத்து லட்சம் டிகிரின்னு காட்டும், ஏன்னா சூரியனைச் சுத்தி கொரோனான்னு ஒரு மெல்லிய சூடான போர்வை இருக்கு, முழு கிரகணத்துல வெள்ளையா தெரியுமே அதேதான். கண்ணுக்குத் தெரியற வெளிச்சம் அதைத் துளைச்சுக்கிட்டு வந்துரும், நீள அலையால முடியாது, அதுக்கு அந்தப் போர்வையே சுவர். அதனால ரேடியோவுல பார்க்கிறவனுக்குத் தெரியறது போர்வைதான், சூரியனும் கண்ணால பார்க்கிறதை விடப் பெருசா தெரியும். ஹேயோட ரேடாரைத் திணற வச்சது இந்த சாதா சூடு இல்ல, கரும்புள்ளி மேல காந்தப்புலம் வெடிச்சு எலக்ட்ரான்களை விசிறி அடிச்சதுல வந்தது, பல்லாயிரம் மடங்கு அதிகம்.

சரி, சூரியன் பக்கத்துல இருக்கு, கேக்குது. மத்த நட்சத்திரம்? அங்கதான் மாட்டிக்கிட்டாங்க. நமக்கு ரொம்பப் பக்கத்து நட்சத்திரம் புராக்சிமா சென்டாரி, 4.2 ஒளியாண்டு. நம்ம சூரியனைத் தூக்கி அங்க வச்சா இங்க வர்ற ரேடியோ அலை 7,000 கோடி மடங்கு குறைஞ்சுரும். வானத்துல புள்ளிப்புள்ளியா ரேடியோ கிடைச்சப்ப எல்லாத்துக்கும் 'ரேடியோ நட்சத்திரம்'னு பேரு வச்சாங்க, தோண்டிப் பார்த்தா ஒண்ணு செத்துப்போன நட்சத்திரத்தோட மிச்சம், இன்னொண்ணு கோடிக்கணக்கான ஒளியாண்டு தள்ளி இருக்கிற கேலக்ஸி, இப்படியே போச்சு.

நிஜ நட்சத்திரத்தைப் பிடிக்க 1958-ல பெர்னார்ட் லவல்னு ஒரு வானியல் விஞ்ஞானி இறங்கினார், இங்கிலாந்து ஜாட்ரல் பேங்க்ல 76 மீட்டர் டிஷ் கையில இருக்கு. அவர் எடுத்தது யூவி செட்டி மாதிரி நோஞ்சான் சிவப்புக் குள்ள நட்சத்திரங்களை. யூவி செட்டி சூரியன் எடையில பத்துல ஒரு பங்குதான், ஆனா கோபக்காரன், 1952-ல ஒரு தடவை 20 செகண்ட்ல 75 மடங்கு பளிச்சுன்னு ஆயிருக்கு. ரேடியோ துடிப்பு கிடைச்சுது, ஆனா அது நட்சத்திரமா, ரோட்டுல போன வண்டியோட ஸ்பார்க்கான்னு எப்படிச் சொல்றது? எந்த கேபிள்காரனுக்கும் தெரிஞ்ச தலைவலி. அவர் பண்ணினது என்னன்னா, சாட்டிலைட்டைத் துரத்தறதுக்காக அமெரிக்கர்கள் வச்சிருந்த கேமராக்களையும் அதே நட்சத்திரத்தைப் பார்க்க வச்சார். கேமராவுல பளிச்சுன்னு ஆகிற அதே நேரம் ரேடியோவும் எகிறினாத்தான் கணக்கு. எல்லாரும் பல்சர் பல்சர்னு, அதாவது சீரா ரேடியோ துடிப்பு விடுற செத்த நட்சத்திரத்தைப் பத்தி, பேசறாங்க, எனக்கென்னவோ இந்தப் பொறுமைதான் பெருசா படுது.

நம்ம ஊட்டியில முத்தொரைன்னு ஒரு இடம், உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்குமே அங்கதான், மலைச் சரிவுல 530 மீட்டர் நீளத்துக்கு, 30 மீட்டர் அகலத்துக்கு ஒரு ரேடியோ டெலஸ்கோப் படுத்திருக்கு. வானியல் விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் 1970-ல கட்டி முடிச்சது. அந்த இடத்தோட அட்சரேகை 11 டிகிரி சொச்சம், அதே 11 டிகிரி சொச்சம் சாய்வுள்ள மலையைத் தேடிப் பிடிச்சிருக்காங்க, அதனால டெலஸ்கோப்போட அச்சு பூமியோட அச்சுக்கு இணையா இருக்கும், ஒரே பக்கமா உருட்டினா போதும், ஒரு பொருளை ஒன்பதரை மணி நேரம் விடாம பார்க்கலாம். கண்ணாடி கிடையாது, 1,100 ஸ்டீல் கம்பிதான். சூரியன்லேர்ந்து வீசுற காத்து, தூரத்து ரேடியோ மூலங்களை எப்படி மினுக்க வைக்குதுன்னு வருஷக்கணக்கா பார்த்துக்கிட்டு இருக்காங்க.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப சித்தப்பாவோட மாடிக்கு ஏறினேன். பெரிய டிஷ் எல்லாம் எப்பவோ பழைய இரும்புக்குப் போயிருச்சு, ஒரு டிடிஎச் டிஷ் மட்டும் மூலையில கிடந்துச்சு. சாட் ஃபைண்டர், அதாவது டிஷ் திருப்பறப்ப கீன்னு கத்துமே அந்த மீட்டர், அவர் பெட்டியிலயே இருந்துச்சு. செட்டாப் பாக்ஸ்லேர்ந்து கரண்ட் கொடுத்து, எல்என்பி, அதாவது டிஷ் முன்னாடி நீட்டிக்கிட்டு சிக்னலை வாங்குற சின்னப் பொட்டி, அதோட நிழல் டிஷ்ஷோட அடி விளிம்புல விழற மாதிரி சூரியனைப் பார்த்துத் திருப்பினோம். முள்ளு சரசரன்னு ஏறுது, கீச்சுக் குரல் உச்சத்துக்குப் போயிருச்சு. கொஞ்சம் விலக்கினா அடங்குது. சித்தப்பா டிஷ்ஷை என் மேல திருப்பினார், அதுக்கும் கத்துது, உடம்புச் சூடுக்கே. "நீயும் நட்சத்திரம்தான்டா"ன்னு சிரிச்சார்.

பக்கத்து மாடியில வத்தல் காயப்போட வந்த அக்கா, அதே சூரியன் ஜோக் அக்காதான், இந்தச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாங்க. சித்தப்பா விடுவாரா, டிஷ்ஷைத் திரும்ப சூரியன் பக்கம் காட்டி கத்த விட்டு, "அன்னைக்கே சொன்னேன்ல, நம்பினீங்களா?"ன்னார்.

அக்கா வத்தலைத் திருப்பிப் போட்டுக்கிட்டே, "அப்ப அந்த அஞ்சு நாள் காசைக் கழிச்சிருக்கணும்ல"ன்னாங்க.