மாநிலம் என்ற கட்டத்தில் எங்கள் ஊர்

சென்ற வாரம் மகளின் கல்லூரி விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பிக்கொண்டிருந்தோம். 'மாநிலம்' என்ற கட்டத்தைத் திறந்தால் ஆந்திரத்தில் தொடங்கி மேற்கு வங்கம் வரை பெயர்கள் ஓடின. புதுச்சேரி இல்லை. அதற்கும் கீழே 'யூனியன் பிரதேசங்கள்' என்று தனிப் பட்டியல். அதன் கடைசியில் நாங்கள். "நமக்குத்தான் முதலமைச்சர் இருக்கிறாரே அப்பா, பிறகு ஏன் மாநிலம் இல்லை?" என்றாள்.

'யூனியன்' என்றால் இணைப்பு என்றுதான் என் பாட்டி நினைத்திருந்தார். அதில் வியப்பில்லை. பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது, 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்து, 170 பேர் இந்தியாவோடு சேர விரும்பிய ஊர் இது. எங்களுக்கு 'இணைப்பு' இனிப்பான சொல்.

ஆனால் அரசியலமைப்பில் 'யூனியன்', அதாவது 'ஒன்றியம்', என்ற சொல்லுக்கு இரண்டு முகங்கள். முதல் பிரிவில் இந்தியா 'மாநிலங்களின் ஒன்றியம்'; அங்கே அது பலர் சேர்ந்த கூட்டு. 239-ஆம் பிரிவுக்கு வந்தால், ஒன்றியத்தின் நிலப்பகுதியைக் குடியரசுத் தலைவர் தாம் நியமிக்கும் நிர்வாகி மூலம் ஆள்வார் என்கிறது. இங்கே ஒன்றியம் கூட்டு அல்ல, உடைமையாளர். எங்கள் துணைநிலை ஆளுநர்தான் அந்த நிர்வாகி.

(எல்லை தாண்டினால் தமிழ்நாட்டில் 'ஊராட்சி ஒன்றியம்' என்று பலகை இருக்கும். இந்தப் பக்கம் உள்ளாட்சிக்குப் பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற பெயர் 'கொம்யூன்'.)

எங்கள் சட்டமன்றத்துக்கு 30 பேரை நாங்கள் தேர்ந்தெடுக்கிறோம். மூன்று பேர் வரை தில்லி நியமிக்கலாம். மாநில அரசைக் கேட்காமலே நியமித்தது செல்லும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பார்த்தீர்களா, 'மாநில அரசு' என்று நானே எழுதிவிட்டேன். ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான் வாயில் வருகிறது.

பழைய செய்தித்தாள்களில் 'மத்திய ஆட்சிப் பகுதி' என்று இருக்கும். காதுக்கு இனிமையில்லை என்றாலும் நேர்மையான சொல் அதுதான். யார் ஆட்சி என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறது. மகளுக்கும் அதைச் சொல்லித்தான் விளக்கினேன்.

சட்டமன்றத்தில் பலமுறை தீர்மானம் நிறைவேற்றிக் கேட்பதை எல்லோரும் 'மாநில அந்தஸ்து' என்கிறோம். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. கௌரவப் பட்டம் கேட்பது போல் இருக்கிறது. நாங்கள் கேட்பது எங்கள் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணம் ஒதுக்கும் கோப்பு எங்கள் ஊரிலேயே, நாங்கள் தேர்ந்தெடுத்தவர் கையெழுத்தோடு முடிய வேண்டும் என்பதுதான். 'மாநில உரிமை' என்று எழுதுங்கள்.