மார்பில் பால் கட்டியபோது

பிரசவமாகி நான்காம் நாள் விடியற்காலையில் கண் விழித்தபோது இரண்டு மார்பும் கல்லாகக் கிடந்தன. தோல் விறைத்துப் பளபளத்தது. அக்குளில் நெறி கட்டியிருந்ததால் கையை உடம்போடு ஒட்டி வைக்க முடியவில்லை. ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊருக்குப் பக்கத்தில், கடலோரத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. பிள்ளை பசியில் வாயைத் திறந்து காம்பைத் தேடுவான். சுற்றியிருந்த கருவட்டம் இறுகிப்போனதால் பிடி கிடைக்காமல் வழுக்கிவிடும். மறுபடி அழுவான். மார்பு நிறையப் பால் இருந்தும் என் பிள்ளை பட்டினி. அந்த அழுகையை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

பால் ஊறட்டும் என்று, வந்த அன்றே பால்சுறா மீன் வாங்கிப் புட்டு செய்து கொடுத்ததுதான் காரணம் என்று அம்மா தன்னையே நொந்துகொண்டார். நானோ வலி தாங்காமல் அரை மணி நேரம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன், வீக்கம் கூடியது. பக்கத்து வீட்டுச் சித்தி நல்ல மனதோடு ஒரு பந்து மல்லிகைப் பூ கொண்டுவந்தார், மார்பில் வைத்துக் கட்ட.

நல்லவேளை, தாய் சேய் நலம் பார்க்க வந்த கிராம சுகாதார செவிலியர் அக்கா அதைத் தடுத்துவிட்டார். "பாலை வற்ற வைக்கத்தான் மல்லிகை கட்டுவார்கள். உனக்குப் பால் வற்றக் கூடாது, வெளியே வர வேண்டும்" என்றார். மல்லிகைப் பூ பால் சுரப்பைக் குறைப்பதாக 1988-இல் ஓர் ஆய்வே வெளிவந்திருக்கிறது என்பதைப் பிறகு படித்தேன். புட்டின் மேல் பழி போட வேண்டாம் என்றும் அக்கா சொன்னார். பால் இறங்கும் நாட்களில் மார்புக்கு ரத்த ஓட்டம் கூடி, திசுக்களில் நீரும் கோத்துக்கொள்கிறது. அதோடு பாலும் தேங்கினால் இப்படித்தான் இறுகுமாம்.

அடுத்து அவர் காட்டிக்கொடுத்ததைத்தான் ஒவ்வொரு பிள்ளைத்தாய்க்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். என்னை மல்லாந்து படுக்கச் சொன்னார். நகம் வெட்டிய விரல் நுனிகளைக் காம்பின் அடியைச் சுற்றி வைத்து, நெஞ்சை நோக்கி உள்ளே மெதுவாக அழுத்தி, ஒரு நிமிடம் அப்படியே பிடிக்க வேண்டும். பிசையக் கூடாது. பிறகு விரல்களை இடம் மாற்றி மீண்டும் ஒரு நிமிடம். கருவட்டத்தில் கோத்திருந்த நீர் பின்வாங்கி, அந்த இடம் மட்டும் காது மடல்போல் இளகியது. நாலு சொட்டுப் பீய்ச்சிவிட்டுப் பிள்ளையை வைத்தேன். வாய் நிறையப் பிடித்தான். அவன் விழுங்கும் சத்தம் கேட்டதும் அம்மா அழுதுவிட்டார்.

அன்றிலிருந்து இரவு பகலாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்தேன். ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை கொடுப்பது வழக்கமாம். கொடுப்பதற்குச் சற்று முன் சில நிமிடம் மட்டும் இளஞ்சூடு. கொடுத்த பின் குளிர் ஒத்தடம். தம்பி ஐஸ் கம்பெனியிலிருந்து கட்டி வாங்கி வந்தான். அதைப் பையில் போட்டு, துண்டில் சுற்றிப் பத்து நிமிடம் வைப்பேன். பிள்ளை தூங்கிவிட்டால் பாரம் குறையும் அளவுக்கு மட்டும் பீய்ச்சுவேன். ஒட்டப் பீய்ச்சினால் அதற்கேற்பப் பால் இன்னும் அதிகமாக ஊறும். பச்சை உடம்பு என்று அளந்து கொடுத்த தண்ணீரையும், அக்கா சொன்னபடி தாகம் தீரக் குடித்தேன்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, மார்பில் ஓரிடம் சிவந்து வலித்தாலோ உடனே மருத்துவரிடம் போகச் சொல்லியிருந்தார். எனக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. ஆறாம் நாள் காலையில் கை தாராளமாகத் தொங்கியது. அன்று அம்மா மறுபடியும் பால்சுறா வாங்கினார்.