இருபது பேர்ச் காணி யாருக்காக?
இலங்கை மலையகத்தில், அட்டனுக்கு அருகில் வீடு கட்டக் காணி தேடத் தொடங்கியதிலிருந்து, பிள்ளைகள் ஓடி விளையாடப் பெரிய வளவாகப் பாருங்கள் என்றே எல்லோரும் கூறுகின்றனர். ஒரு பேர்ச் என்பது 272.25 சதுர அடி. தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கான வீடமைப்புத் திட்டங்களில் வழங்கப்பட்ட 7 பேர்ச் ஏறத்தாழ 1,900 சதுர அடி, அதில் வீடு போக எஞ்சுவது சிறு முற்றமே. ஆயினும், மலையகத்தில் காணியின் அளவைவிட அதன் சரிவையே முதலில் பார்க்க வேண்டும் என்று கருதுகிறேன்.

நாங்கள் பார்த்த 20 பேர்ச் காணியில் சமதரை நான்கு பேர்ச்கூட இல்லை. மீதியில் படி வெட்டி, கல்லணை கட்டி, மழைநீர் வடியக் கான் வெட்ட வேண்டும், இல்லையேல் மே மாதமளவில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையில் மண் கரைந்துவிடும். புல் வளர்ந்தால் அட்டையும் வரும் (எங்கள் இளையவள் அட்டையைக் கண்டாலே அலறுவாள்).

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்த எனக்கு வாசலே விளையாட்டிடம். பத்துக் குடும்பத்துப் பிள்ளைகளும் அங்கேதான் கூடினோம். வேலியடைத்த பெரிய வளவில் என் பிள்ளைகள் யாரோடு விளையாடுவார்கள்? ஆதலால், அயலில் பிள்ளைகள் உள்ள இடமாக, சமதரையான 10 பேர்ச் காணியொன்றைத் தேடுகிறோம். இரண்டு பாத்தியில் லீக்ஸும் போஞ்சியும் போட்டு, கிரிக்கெட் விளையாட மூன்று குச்சி நட அது போதும்.