பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல் கிண்டிக்குப் போனேன்

எங்கள் ஊர் குடியாத்தம். 2011-ல் கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் மெக்கானிக்கல் கிடைத்தபோது அப்பா தறியை நிறுத்திவிட்டுத் தெரு முழுக்க ஸ்வீட் கொடுத்தார். முதல் வருஷத்திலேயே இன்ஜினியரிங் மெக்கானிக்ஸில் அரியர்.

சுவரில் சாய்த்த ஏணி, அதில் ஓர் ஆள் ஏறுகிறார், எவ்வளவு உயரம் போனால் ஏணி சறுக்கும்? இதுதான் கேள்வி. நான் பேனாவை வைத்துக்கொண்டு இது எந்தப் பக்கத்தில் வந்த கணக்கு என்று ஞாபகத்தில் தேடிக்கொண்டே இருந்தேன், மணி அடித்துவிட்டது. அப்புறம் ஹாஸ்டலில் பக்கத்து அறைப் பையன், சென்னையில் சிபிஎஸ்இ படித்தவன், சுவரையும் தரையையும் விட்டுவிட்டு ஏணியை மட்டும் தனியாக வரைந்து, அதன்மேல் விழும் விசைகளை ஒவ்வொன்றாக அம்புக்குறி போட்டான். அவனுக்கும் விடை தெரியாது. ஆனால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரிந்திருந்தது.

நான் படித்த தனியார் பள்ளியில் பிளஸ் ஒன் வருஷம் ஜூன் மாதமே பிளஸ் டூ புத்தகத்தைத் தொடங்கிவிட்டார்கள். 2007-லேயே நுழைவுத் தேர்வு போய்விட்டது. கணக்குக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் வைத்துத்தான் கட்-ஆஃப். அதனால் இரண்டு வருஷமும் ஒரே புத்தகம், அதே புக் பேக் கேள்விகள், வாராவாரம் டெஸ்ட். விசை, திருப்புத்திறன், வகையீடு எல்லாம் பிளஸ் ஒன் புத்தகத்தில் இருந்தன, அந்தப் புத்தகத்தின் அட்டைகூடக் கசங்கவில்லை. காலேஜில் முதல் வருஷம் முழுக்க அதன் மேல்தான் கட்டுகிறார்கள்.

எனக்கு மூளை போதாது என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது இல்லை. பார்க்காத கணக்கோடு அரை மணி நேரம் உட்காரும் பழக்கத்தை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. தாலுகா ஊரிலிருந்து மார்க்கை மட்டும் எடுத்துக்கொண்டு வரும் பிள்ளைகளை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வைத்தபோது மனதார சந்தோஷப்பட்டேன்.

அக்கா மகள் இப்போது பிளஸ் ஒன். போன ஞாயிறு ஊருக்குப் போனபோது அதே ஏணிக் கணக்கைக் கொடுத்தேன். "இது எங்க புக்குல இல்லையே மாமா" என்றாள். சரி, ஏணியை மட்டும் வரை என்றேன். காட்பாடியில் ரயிலுக்கு நிற்கும்போது வாட்ஸ்அப்பில் படம் வந்தது. நான்கு அம்புக்குறி சரியாக இருந்தது, தரையின் உராய்வு மட்டும் விட்டுப்போயிருந்தது. இன்னும் ஒன்று இருக்கிறது, தேடு என்று பதில் போட்டேன்.