கைக்கு வரும் சம்பளம்

“இவ்வளவுதானா மேடம் கைக்கு வரும்?” என்று அந்த மாணவி கேட்டபோது, “ஆமாம்மா, இவ்வளவுதான்” என்று நான் சொன்ன பதிலில் ஒரு ரூபாய்கூடப் பிசகில்லை. ஆனாலும் அதற்கு மேல் ஏதாவது சொல்லியிருக்க வேண்டுமா என்ற எண்ணம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

தமிழ்வழியில் பி.எஸ்சி. கணிதம் முடிக்கவிருந்தவள். தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டத்தில் வந்த பயிற்சிகளை ஒழுங்காக முடித்திருந்தாள். வளாகத் தேர்வில் சென்னை நிறுவனம் ஒன்று ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் என்று ஆஃபர் லெட்டர் கொடுத்திருந்தது. விசைத்தறி ஓட்டும் அவளுடைய அப்பா அதைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 20,000 சம்பளம் என்று உறவுக்காரர்களிடம் சொல்லிவிட்டார். வேலைவாய்ப்பு மையப் பொறுப்பில் இருக்கும் நான், ஆஃபர் வாங்கும் எல்லோருக்கும் செய்வதைப்போல அவளுக்கும் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அடிப்படைச் சம்பளம் 10,000. அதில் 12 விழுக்காடு நிறுவனம் செலுத்தும் பி.எஃப். எனும் வருங்கால வைப்பு நிதி, 4.81 விழுக்காடு பணிக்கொடை, அதோடு ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுக்கு நிறுவனத்தின் பங்கு ஆகிய மூன்றும் அந்த 20,000-க்குள்ளேயே அடக்கம். அவளுடைய பங்குப் பிடித்தங்களும் போனால் ஏறத்தாழ 16,400 மிஞ்சும். சென்னைத் துரைப்பாக்கம் பக்கம் பெண்கள் விடுதிக்குச் சாப்பாட்டோடு 8,000 என்று எழுதியபோதுதான் அந்தக் கேள்வி வந்தது.

அடுத்த வாரம், வேலையில் சேரவில்லை, அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுக்குப் படிக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டாள். அப்பா கல்லூரிக்கே வந்தார். “நீங்க சொன்னா கேப்பா மேடம்” என்றார். “தெரிய வேண்டியதச் சொல்லிட்டேங்க, முடிவ அவளே எடுக்கட்டும்” என்றேன்.

இந்தக் கணக்கைப் போடும் வழக்கம் காரணமில்லாமல் வந்ததன்று. 20,000 என்று நம்பிப் போய், முதல் மாதம் வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைப் பார்த்து ஏமாந்து, விடுதி வாடகைக்கே வீட்டில் பணம் கேட்டவர்கள் எங்களிடம் படித்த பிள்ளைகள்தாம். அதைத் தெரிந்துகொண்டே மறைத்து ஒரு பெண்ணைப் பேருந்து ஏற்றிவிட என்னால் முடியாது.

ஆனால் அந்தத் தாளில் வேலைக்கு மட்டும்தான் கணக்கு இருந்தது, தேர்வுக்கு இல்லை. குரூப் 4-இல் 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள், பாதி தமிழ், அந்தத் தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மறுபாதியைத் திருத்தவே மாட்டார்கள் என்றெல்லாம் என்னால் சொல்ல முடியும். எத்தனை ஆண்டுகள் ஆகும், அந்த ஆண்டுகளுக்கு யார் சோறு போடுவது என்பதற்கு எந்த எண்ணை எழுதுவது? எண்ணாக எழுதப்பட்ட வேலை சிறுத்துத் தெரிந்தது, எழுதப்படாத தேர்வு பெரிதாகவே நின்றது. பட்டம் முடித்த பிற்படுத்தப்பட்ட வகுப்பாருக்குக் குரூப் 2-இல் பெரும்பாலான பதவிகளுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. நியாயமான சலுகைதான், ஆனால் போதும் நிறுத்து என்று சொல்ல அங்கே எந்தத் தேதியும் இல்லை.

அவள் பக்கமும் நியாயம் உண்டு. ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்தவளுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. ஊரை விட்டுப் போகத் தேவையில்லாத, யாரும் நாளை வராதே என்று சொல்ல முடியாத வேலையை அந்த வீட்டுப் பெண் விரும்புவதை வெறும் ஆசை என்று நான் எப்படிச் சொல்வேன்?

பிறகு வேறொன்றும் தோன்றியது. நேர்காணலில் ஆங்கிலத்தில் தன்னை அறிமுகம் செய்துகொண்டபோது, மேசைக்கடியில் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே இருந்தாள். அந்த அலுவலகத்தில் நாள் முழுக்க அப்படிப் பேச வேண்டுமே என்ற பயம் அவளுக்கு முன்பே இருந்திருக்கலாம். வீட்டில் சொல்ல முடியாத அந்தப் பயத்துக்கு, சொல்லக்கூடிய ஒரு காரணத்தை என் தாள் கொடுத்துவிட்டதோ? அப்படியானால் சம்பளத்தைப் பற்றி நாங்கள் பேசியது முழுவதும் அவளுடைய கேள்வியே இல்லை.

குரூப் 4 முடிவு அவளுக்குச் சாதகமாக வரவில்லை. குரூப் 2-க்குப் படிக்கிறாள், திறனறிவுக் கணக்குகளில் சந்தேகம் வந்தால் கூப்பிடுகிறாள். உற்சாகமாகத்தான் பேசுகிறாள். அதை வைத்து எதையும் முடிவு செய்ய எனக்குத் துணிவில்லை.

இந்த ஆண்டும் வளாகத் தேர்வு நடக்கும், நானும் அதே கணக்கைத்தான் போடுவேன். தாளை எடுப்பதற்கு முன், வேலையில் எதை நினைத்தால் தயக்கமாக இருக்கிறது என்று கேட்டுவிடலாமென்று இருக்கிறேன். ஆனால் மதிப்பெண் போடும் ஆசிரியையிடம் எந்தப் பிள்ளை அதற்கு உண்மையான பதிலைச் சொல்லும் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.