நாலு வர்க்கி வாங்கும் பையன்

கோத்தகிரியில் பஸ் ஏறுமிடத்துக்கு எதிரே என் டீக்கடை. மாலையில் பள்ளி விட்டால் கடை முழுக்க ஸ்வெட்டர்கள்தான். ஜூன் மாதத்திலிருந்து ஒரு பையனைக் கவனித்து வருகிறேன். ஏழாவதோ எட்டாவதோ படிப்பான். தினமும் சில்லறையை எண்ணிக் கொடுத்து, வர்க்கி என்று நாங்கள் சொல்லும் மொறுமொறு பிஸ்கட் நாலு வாங்குவான். ஒன்றைக்கூட அவன் கடித்து நான் பார்த்ததில்லை. நாலும் வாசலில் நிற்கும் மூன்று பெரிய பையன்களுக்குப் போகும். மிஞ்சும் ஒன்று யாருக்கு என்று அவர்களுக்குள் தள்ளுமுள்ளு வேறு.

முதலில் சிநேகிதம் என்றுதான் நினைத்தேன். நாலு வர்க்கி விற்கிறதே, வியாபாரியின் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். ஒருநாள் ஐந்து ரூபாய் குறைந்தது. "அண்ணே, நாளைக்குத் தரட்டுமா?" என்று என்னிடம் கேட்டவன், பார்த்ததெல்லாம் வாசலைத்தான். காது மடல் சிவந்திருந்தது.

அந்தக் காதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். 1964-ஆம் ஆண்டு சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களில் பல இந்த மலையின் தேயிலைத் தோட்டங்களில் குடியேறின. அப்படி ஒரு வீட்டுப் பையன் பள்ளியில் என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வகுப்பில் அவனுக்குப் பெயர் 'சிலோன்'. மழைக்காலத்தில் அவன் ஸ்வெட்டர் அடுப்புக்கு மேலே காய்ந்து, புகை வாடையோடு வரும். ஒருவன் மூக்கைப் பிடிப்பான். பத்துப் பேர் சிரிப்போம். நான் ஒருநாளும் மூக்கைப் பிடித்ததில்லை. இதைப் பல வருடம் எனக்குச் சாதகமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவதோடு அவன் நின்றுவிட்டான். வீட்டுக் கஷ்டம் என்றார் வாத்தியார். இருக்கலாம்.

பி.எட். படிக்கும் என் மகளிடம் வர்க்கிக் கதையைச் சொன்னேன். பள்ளிப் பிள்ளைகளுக்குள் நடக்கும் இந்தச் சீண்டலை நார்வேயில் ஆராய்ந்த டான் ஒல்வேயஸ் என்பவர் மூன்று அடையாளம் சொல்லியிருக்கிறாராம்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்க்க முடியாதவனிடம் செய்வது. நாம் இதையெல்லாம் 'விளையாட்டு' என்ற ஒரே சொல்லில் மூட்டை கட்டிவிடுகிறோம். அவள் சொன்ன இன்னொன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை. கனடாவில் பள்ளி மைதானங்களைப் படம்பிடித்து ஆராய்ந்து, 2001-இல் வெளியிட்டிருக்கிறார்கள். கூட நின்ற பிள்ளை ஒன்று குறுக்கிட்டபோது, பாதிக்கும் மேற்பட்ட தடவை பத்து நொடிக்குள் சீண்டல் நின்றுவிட்டதாம். பத்து நொடி. ஒரு டீ ஆற்றும் நேரம்கூட இல்லை.

மறுநாள் நாலு வர்க்கியையும் தட்டில் வைத்து, "நீ சாப்பிடு தம்பி, அவர்கள் வேண்டுமானால் காசு கொடுத்து வாங்கட்டும்" என்று உரக்கவே சொன்னேன். பெரியவன் முறைத்தான். ஒருவன் சிரித்தான். மூன்றாமவன் செருப்பைப் பார்த்தபடி நின்றான்.

அதன்பிறகு அந்தக் கூட்டம் என் கடைக்கு வருவதில்லை. வளைவுக்கு அப்பால் உள்ள பேக்கரிக்குப் போகிறார்கள், அந்தப் பையனும் கூடவேதான். வீரமாகப் பேசி அவனை என் கண்பார்வைக்கு வெளியே தள்ளிவிட்டேன். நேற்று அவன் வகுப்பு ஆசிரியை டீ குடிக்க வந்தார். கல்லாவை மகளிடம் விட்டுவிட்டு, அவர் எதிரே போய் உட்கார்ந்தேன்.