வாடைக்காற்றில் கோணேசர் மலை

மார்கழியில் திருவெம்பாவைக்குக் கோணேசர் கோயிலுக்கு நடந்து போகிறவர்களுக்கு வாடைக்காற்றைத் தனியாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை. விடிவதற்கு வெகு முன்பே ஒழுங்கைகளில் சங்கும் சேமக்கலமும் கேட்கத் தொடங்கிவிடும். திருகோணமலையில் வடகீழ்ப் பருவமழை கொட்டும் காலமும் அதுதான். திருவாதிரை வரை பத்து நாளும் மழை விடாத வருஷங்களும் உண்டு.

கோயில் மலைக்கு ஏறும் வழியிலுள்ள பிரெட்றிக் கோட்டை வாசல் வரை தூறல் ஒரு பொருட்டே இல்லை. உள்ளே ஏறத் தொடங்கினால் மரத்தடிகளில் மான்கள் ஒண்டி நிற்கும். முதுகு மயிர் நனைந்து கறுத்திருக்கும். மேலே போகப் போக மறைப்புக் குறையும். கடலிலிருந்து வரும் காற்று நேரே நெஞ்சில் அடிக்கும். குடை பிடிக்க முடியாது, மடங்கிவிடும். வெப்பமானி என்னவோ 23, 24 பாகைதான் காட்டும். ஆனால் நனைந்த உடுப்போடு நிற்பவருக்குப் பல் கிடுகிடுக்கும். ஈரம் காய்வதற்கு வேண்டிய சூட்டை உடம்பிலிருந்துதானே எடுக்கிறது.

இப்போது பிள்ளைகள் பலர் கைக்குள் மடித்து வைக்கிற மெல்லிய மழை ஜக்கெற்றோடு வருகிறார்கள். நல்ல பொருள். ஆனால் அது மழையையும் காற்றையும் மறிக்குமே தவிர, சூடு தராது. சூட்டைப் பிடித்து வைப்பது உள்ளே போடும் உடுப்பு. பருத்திப் பெனியனுக்கு மேலே கழுத்துவரை சிப்பைப் பூட்டிக்கொண்டு விறுவிறென்று ஏறினால், வியர்வை வெளியேற வழியில்லாமல் உட்புறமெல்லாம் நீராகப் படிந்துவிடும். மேலே வந்து நின்றதும் அதுவே விறைக்க வைக்கும்.

கோயில் வாசலில் ஒரு பெடியன் ஜக்கெற்றைத் திறந்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். வெளியே மழைத்துளிகள் முத்து முத்தாக உருண்டு விழுந்தன; உள்ளே பெனியன் முதுகோடு ஒட்டிப்போய் ஆவி பறந்தது. அவனுடைய பெரியம்மா பொலித்தீன் பையிலிருந்து துவாயை எடுத்து நீட்டினார். "கழட்டு மகன், முதல் துடை. ஈரத்தோட நிண்டு கும்பிட்டாத்தான் கோணேசர் கேப்பாரெண்டில்ல."

அந்த அம்மா சொன்னதுதான் சரி. உள்ளே பருத்தி வேண்டாம். மெல்லிய பொலியெஸ்டர் பெனியனோ கம்பளிச் சுவெற்றரோ நல்லது. நடக்கத் தொடங்கும்போது கொஞ்சம் குளிர்ந்தால் குளிரட்டும். ஏறும்போது சிப்பைத் திறந்து விடுங்கள், நின்றதும் பூட்டுங்கள். மாற்று வேட்டியும் பெனியனும் பொலித்தீனில் கட்டாயம் இருக்க வேண்டும். துளி உருளாமல் துணி நீரைக் குடித்துக் கறுக்கிறதென்றால் ஜக்கெற்றின் மேற்பூச்சு தேய்ந்துவிட்டது, அல்லது அழுக்கேறிவிட்டது. அதற்குப் பிறகு வியர்வை இன்னும் மோசமாகத் தங்கும்.

உலர்ந்த உடுப்போடு கோயிலின் அம்மனான மாதுமை அம்பாள் முன்னால் நின்று திருவெம்பாவை கேட்பது தனிச் சுகம். மனம் உடம்பை விட்டுவிட்டுப் பாட்டோடு போகும். பாட்டு ஓயும் இடைவெளியில் சம்பந்தர் பாடிய குரைகடல் கீழே இரையும். 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்த பிறகும் நம்மவர்கள் இந்தப் பாறை விளிம்பை மறக்கவில்லை. பின்னாளில் கூரையில்லாத இடத்தில், இதே வாடையில் நின்று வழிபட்டார்கள். அந்த இடத்தில் நிற்கும்போதெல்லாம் அவர்களையும் சேர்த்தே கும்பிடுகிறேன்.

டிசெம்பர் மாதப் பௌர்ணமியோடு சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவமும் தொடங்கிவிடும். இங்கிருந்து போகிறவர்கள் இந்த மலைக்குப் போதுமான உடுப்பு அங்கேயும் போதுமென்று நினைக்க வேண்டாம். அது 2,243 மீற்றர். ஒவ்வொரு 100 மீற்றருக்கும் சுமார் 0.65 பாகை குறையும். உச்சியில் நம் கடற்கரையைவிட ஏறக்குறைய 14.5 பாகை குளிர் கூட. ஜக்கெற்றுக்குள் போட ஒரு தடித்த சுவெற்றரும், காதை மூடும் தொப்பியும் கொண்டு போங்கள். மேலே சேர்ந்ததும், சூரியோதயத்துக்குக் காத்திருந்து உட்காருவதற்கு முன்னாலேயே, வியர்த்த பெனியனை மாற்றிவிடுங்கள்.